எண்ணி வாங்கும் கை

(மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோர்களும் சிறப்பாசிரியர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குக் காசு புழங்கச் சொல்லித்தரும் மென்பொருள்கள் பற்றிப் பேச வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். நான் கம்ப்யூட்டர் படித்த ஆள் இல்லை. சிறப்பாசிரியர் வேலை. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை, அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளை, பார்வை இல்லாத பிள்ளை என்று வீடு வீடாகப் போய்ப் பாடம் சொல்கிறேன். அந்த வேலையில் கண்டதை வைத்துத்தான் பேச முடியும். மென்பொருளுக்குப் போறதுக்கு முன்னாடி காசைப் பத்திக் கொஞ்சம் பேசியாகணும்.

எண்ணத் தெரியாத ஆளை இந்தச் சமூகம் எப்படி நடத்தும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நம்ம தாத்தா பாட்டிக்குக் கூலி நெல்லாக அளந்து போட்டார்கள். மரக்காலும் ஆண்டையுடையது, அளக்கிற கையும் ஆண்டையுடையது. கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்குன்னு பெருவிரல் வச்சவருக்குத் தெரியாது. அவர் வாங்கின கடனுக்கு அவர் மகன் உழைச்சான், பேரனும் உழைச்சான். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-ல்தான் வந்தது. கணக்கு யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் கணக்கு. காசைக் கையில் கொடுக்காமல் தூக்கிப் போட்ட காலத்தில், லண்டனுக்குப் படிக்கப் போன அம்பேத்கர் தன் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருளே ரூபாய்தான். ‘ரூபாயின் பிரச்சினை’ 1923-ல் புத்தகமாக வந்தது. ஒரு நாட்டின் காசைப் பற்றி அதுவரை கூலி மட்டுமே வாங்கி வந்த சாதியிலிருந்து ஒருவர் கேள்வி கேட்டார்.

இந்தக் கதையெல்லாம் நமக்குத் தெரியும். தெரிந்தும், நம் வீட்டுக்குள் இருக்கிற மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் காசுக்கு நாமே ஆண்டையாக இருக்கிறோம். கோபப்படாதீங்க. உதவித்தொகை யார் பேரில் வருது? பிள்ளை பேரில். ஏடிஎம் அட்டை யார் மடியில் இருக்கு? இருபத்தைந்து வயசு ஆண்பிள்ளைக்கு ஒரு டீ குடிக்கணும்னா அண்ணன்கிட்ட கேக்கணும். “அவனுக்கு எதுக்குக் காசு, வேணுங்கறத நாமதான் வாங்கித் தர்றமே” என்கிறோம். ஆண்டையும் அதைத்தான் சொன்னார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். மக்கள் தொகையில் 2.21 சதவீதம். தாழ்த்தப்பட்ட சாதிகளில் மட்டும் எடுத்தால் 2.45 சதவீதம். கருவுற்ற பெண்ணுக்குக் கிடைக்காத சத்து, நேரத்துக்குக் கிடைக்காத பிரசவ ஆஸ்பத்திரி, கை காலை வாங்கும் வேலைகள், இதெல்லாம் எந்தத் தெருவில் அதிகம் என்று உங்களுக்கே தெரியும். ஆக இது நம்ம வீட்டு விசயம். தர்ம சிந்தனையில் பேசுகிற விசயம் அல்ல.

சரி, காசு புழங்குவது என்றால் என்ன? பெட்டிக்கடையில் போய் ஒரு சோப்பு வாங்குகிறோம். நாம் அதை ஒரு வேலை என்று நினைக்கிறோம். பிரித்துப் பாருங்கள். என்ன வேண்டும் என்று முடிவு செய்யணும். கையில் எவ்வளவு இருக்குன்னு தெரியணும். விலை கேக்கணும். கேட்ட எண்ணை மனசில் வச்சுக்கணும். அதுக்கேத்த நோட்டை எடுக்கணும். நீட்டணும். மீதிக்கு நிக்கணும். வந்த மீதியைப் பாக்கணும். குறைஞ்சா வாய் திறந்து கேக்கணும். ஒன்பது படி இருக்கிறது. பார்வை இல்லாத பிள்ளைக்குக் கணக்கு நம்மைவிட நல்லா வரும், எந்த நோட்டு என்பதில்தான் சிக்கல். மூளை முடக்குவாதப் பிள்ளைக்கு எல்லாம் தெரியும், பையிலிருந்து நோட்டை உருவ விரல் ஒத்துழைக்காது. காது கேளாத பிள்ளைக்குக் கடைக்காரர் சொன்ன விலை போய்ச் சேராது. அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்குக் கேட்ட எண் நோட்டை எடுப்பதற்குள் நழுவிப் போகும். ஒவ்வொருத்தரும் இடறுகிற படி வேறு. இதையெல்லாம் சேர்த்து “இதுகளுக்குக் காசு தெரியாது” என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம்.

நல்ல மென்பொருளின் முதல் வேலை இந்த மூட்டையை அவிழ்ப்பதுதான். எந்தப் படியில் பிள்ளை நிற்கிறது என்று அது காட்ட வேண்டும். நான் பார்த்ததில் பெரும்பாலானவை ஐந்தாவது படியோடு நின்றுவிடுகின்றன. நாணயத்தின் படத்தைக் காட்டும், எவ்வளவு என்று கேட்கும், கூட்டச் சொல்லும், நட்சத்திரம் கொடுக்கும். மீதிக்கு நிற்கவோ, குறைந்தால் கேட்கவோ சொல்லித்தருவதில்லை. நம்ம பிள்ளைகள் ஏமாறுவது அந்தக் கடைசி இரண்டு படியில்தான்.

இன்னொன்று, வெளியிலிருந்து வரும் மென்பொருள்கள். அமெரிக்காவில் பத்து சென்ட் நாணயம் ஐந்து சென்ட் நாணயத்தைவிடச் சின்னது. ‘சின்ன காசுக்குப் பெரிய மதிப்பு’ என்பதை அங்குள்ள பிள்ளைக்கு மெனக்கெட்டுச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது, அதற்கென்று பாடம் வைத்திருக்கிறார்கள். அது அவங்களுக்குத் தேவை. நம்ம பிள்ளைக்கு அதை வச்சு என்ன பண்றது? கூடையைத் தள்ளிக்கொண்டு போகும் பெரிய கடை, இங்கிலீஷ் குரல், தப்புச் செய்தால் ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம். பிறந்ததிலிருந்து “தப்பு, தப்பு” என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு மெஷினும் தப்பு என்று சொல்ல வேண்டுமா?

நம்ம காசுக்கு நம்ம பாடம் வேணும். அது எவ்வளவு சிக்கலான பாடம் என்று சொல்கிறேன். 2007-ல் வந்த ஒரு ரூபாய் நாணயத்தில் கட்டைவிரல் உயர்த்திய கை இருந்தது, இரண்டு ரூபாயில் இரண்டு விரல் காட்டும் கை. எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு அருமையான பாடம். விரலைப் பார்த்து மதிப்புச் சொல்லும். 2011-ல் வடிவத்தை மாற்றினார்கள். புதிய இரண்டு ரூபாய் நாணயம் 25 மில்லிமீட்டர், 4.85 கிராம். 2007-ன் ஒரு ரூபாயும் அதே 25 மில்லிமீட்டர், அதே 4.85 கிராம். இரண்டும் இரும்பு நிறம், இரண்டும் வட்டம். இரண்டும் இன்றைக்கும் உங்க சுருக்குப் பையில் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒரு ரூபாய்க்கு ஒரே ஒரு படம் காட்டிச் சொல்லித்தரும் மென்பொருள், பிள்ளையைக் கடையில் கொண்டுபோய்த் திண்டாட விடுகிறது.

2019-ல் வந்த புதிய வரிசையில் பார்வையற்றவர்களை மனதில் வைத்து, மதிப்புக் கூடக் கூட நாணயத்தின் அளவும் எடையும் கூடும்படி செய்தார்கள். இருபது ரூபாய் நாணயத்துக்குப் பன்னிரண்டு பக்கம், தடவினாலே தெரியும். நல்ல வேலைதான். ஆனால் பழையவை எல்லாம் புழக்கத்தில் இருக்கும்போது பிள்ளை ஒரு வரிசையை மட்டும் படித்துப் பயன் இல்லை.

பத்து ரூபாய் நாணயத்தின் கதை உங்களுக்கே தெரியும். 2018 ஜனவரியில், பதினான்கு வடிவங்களில் பத்து ரூபாய் நாணயம் வந்திருக்கிறது, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. அதற்குப் பிறகும் எத்தனை கடையில், எத்தனை பஸ்ஸில் “இது செல்லாது, நோட்டாக் குடு” என்று திருப்பினார்கள்! உங்களையும் என்னையும் திருப்பினால் நாலு வார்த்தை கேட்போம். ஆறு மாசம் மல்லுக்கட்டி அந்த நாணயத்தைப் பத்து என்று படித்த பிள்ளையைத் திருப்பினால், அது கடைக்காரரைச் சந்தேகப்படாது. தன் மூளையைத்தான் சந்தேகப்படும். அதனால் “இது செல்லும்ணே, கவர்மெண்டு காசு” என்று சொல்லப் பழக்குவதும் காசுப் பாடத்தில் ஒரு பகுதி.

நோட்டுக்கு வருவோம். 2016 நவம்பர் 8 ராத்திரிக்கு முன்னால் இருந்த நோட்டுகளில் நூறு 157 மில்லிமீட்டர் நீளம், ஐந்நூறு 167, ஆயிரம் 177. ஒவ்வொன்றுக்கும் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம். பார்வையற்றவர்கள் விரலிடுக்கில் மடித்து வைத்து நீளத்தை அளந்தே சொல்வார்கள். புதிய நோட்டுகளில் நூறு 142, இருநூறு 146, ஐந்நூறு 150. இடையில் நாலு மில்லிமீட்டர். ஒரு அரிசி நீளம்கூட இல்லை. அகலம் மூன்றுக்கும் ஒன்றே. வாழ்நாள் முழுக்க விரல் கற்ற கணக்கு ஒரே ராத்திரியில் அழிந்துபோனது. தடவிப் பார்க்கும் குறி இருக்கிறது என்பார்கள். நூறில் முக்கோணம், ஐந்நூறில் வட்டம், ஓரத்தில் புடைத்த கோடுகள். வங்கியிலிருந்து வரும் மொடமொடப்பான நோட்டில் அது விரலுக்குத் தட்டும். மீன் விற்கிற அம்மா கையில் பத்து நாள் இருந்த நோட்டில் என்ன தட்டும்? புதிய ஐம்பதிலும் அதற்குக் கீழேயும் அந்தக் குறிகூட இல்லை. நம்ம பிள்ளை புழங்குவது அந்தச் சின்ன நோட்டுகளைத்தான்.

பார்வையற்றோருக்கான தேசிய சங்கம் இதை எதிர்த்து மும்பை உயர் நீதிமன்றம் போனது. அந்தக் காலகட்டத்தில்தான், 2020 ஜனவரி 1-ஆம் தேதி, ரிசர்வ் வங்கி ‘மணி’ என்ற செயலியை வெளியிட்டது. போன் கேமராவை நோட்டின் மேல் காட்டினால் எவ்வளவு என்று குரலில் சொல்லும், அதிர்வாலும் சொல்லும். இணையம் வேண்டாம், காசும் வேண்டாம். தொடக்கத்தில் இந்தியும் இங்கிலீஷும்தான் பேசியது. மற்ற மொழிகள் பிறகுதான் வந்தன. உங்க பிள்ளைக்குப் பார்வைக் குறைபாடு என்றால் இதைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆனால் அதன் எல்லையும் தெரிந்திருக்கட்டும். கள்ள நோட்டா என்று அது சொல்லாது. நாணயத்தைச் சொல்லாது. பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் போன், மூன்றாவது கையில் நோட்டு வைத்துக் காட்டணும். மூன்றாவது கை யாருக்கு இருக்கு?

இதெல்லாம் பார்த்துவிட்டுத்தான் நாங்களே ஒன்று செய்து பார்த்தோம். எங்க தெருவில் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர். ‘ஸ்கிராட்ச்’ என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் 2007-ல் பொதுவில் விட்டது. கட்டை அடுக்குவதுபோல் அடுக்கியே விளையாட்டும் பாடமும் செய்யலாம், இலவசம். அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப் ஒன்று பரணில் கிடந்தது. செலவு என்று பார்த்தால் ஒரு பேட்டரி வாங்கியதுதான்.

அதில் என்ன வைத்தோம்? கசங்கின நோட்டு, மடிப்பு விழுந்த நோட்டு, மஞ்சள் கறை பட்ட நோட்டு, எல்லாவற்றையும் முன்னும் பின்னும் படம் எடுத்துப் போட்டோம். ஒரு ரூபாய் என்றால் நாலைந்து விதமான ஒரு ரூபாய். குரலுக்கு அந்தந்தப் பிள்ளையின் அம்மாவையே பேச வைத்தோம். “பத்து ரூவா” என்றுதான் அந்தப் பிள்ளையின் காது கேட்டிருக்கிறது, “பத்து ரூபாய்கள்” என்றால் யாரோ வேற்றாள் பேசுவதுபோல் இருக்கும். கடை என்றால் எங்க ஊர் டீக்கடை, பெட்டிக்கடை, ரேஷன் கடை. தப்பு நோட்டைத் தொட்டால் சத்தம் கிடையாது, அந்த நோட்டு சும்மா பழைய இடத்துக்குப் போகும். முதலில் சரியான நோட்டு லேசாக ஒளிரும். பிள்ளை பழகப் பழக ஒளி தாமதமாக வரும். கடைசியில் வராது. விரல் வசப்படாத பிள்ளைக்கு நோட்டுகள் ஒவ்வொன்றாகத் தானாக ஒளிர்ந்து நகரும், வேண்டியது வரும்போது ஒரே ஒரு பெரிய பொத்தானை முழங்கையாலோ முகவாயாலோ அழுத்தினால் போதும். காது கேளாத பிள்ளைக்குக் கடைக்காரர் விலையைக் கால்குலேட்டரில் அழுத்திக் காட்டுவார். “அடிச்சுக் காட்டுங்க” என்று சைகையில் கேட்பதும் பாடத்தில் இருக்கிறது.

கூட்டல் கழித்தல் வராத பிள்ளைக்கு என்ன வழி என்று பெற்றோர் கேட்பார்கள். ஒரு வழி இருக்கிறது. அமெரிக்கச் சிறப்பாசிரியர்கள் ‘அடுத்த டாலர்’ என்ற பெயரில் பல பத்தாண்டுகளாகச் சொல்லித்தருவது. விலையில் முழு டாலர் எத்தனையோ அதற்கு மேல் ஒன்று சேர்த்துக் கொடு, மீதியை வாங்கிக்கொள். நாங்கள் அதை ‘அடுத்த பத்து’ ஆக்கினோம். சோப்பு முப்பத்தேழு ரூபாய் என்றால், ‘முப்பது’ என்று காதில் விழுந்ததும் மூன்று பத்து, கூட ஒன்று. நாலு பத்து ரூபாய் நோட்டு. ஏழைப் பற்றிக் கவலையே இல்லை. மீதிக்கு நின்றால் போதும். கடைக்காரர் ஏமாற்றினாலும் பத்து ரூபாய்க்கு மேல் போகாது.

இதில் நம்ம மொழி ஒரு பெரிய உதவி செய்கிறது. தமிழில் பத்துதான் முன்னால் வருகிறது, முப்பத்து ஏழு, ஐம்பத்து மூணு. இந்தியில் ஒன்று முதல் நூறு வரை கிட்டத்தட்ட ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக மனப்பாடம் பண்ண வேண்டும். நம்ம பிள்ளைக்குச் சொல்லின் முதல் பாதி கேட்டாலே போதும். ஒரே ஒரு இடத்தில் கண்ணி இருக்கிறது. தொண்ணூறு. அதைக் கேட்டதும் பிள்ளைகள் நூறு ரூபாய் நோட்டைத் தூக்குகிறார்கள். ‘தொண்’ காதில் நிற்காது, ‘நூறு’ நிற்கும். தொள்ளாயிரமும் அப்படித்தான், ஆயிரமாகக் கேட்கும். அதற்கென்று தனியாகவே ஒரு பாடம் வைத்தோம். வேறு மொழியில் செய்து தமிழில் பெயர்த்த எந்த மென்பொருளுக்கும் இந்தத் தொல்லை தெரியவே தெரியாது.

இவ்வளவும் செய்த பிறகு ஒன்றைக் கண்ணால் பார்த்தேன். திரையில் பத்துக்குப் பத்து சரியாகச் செய்த பையன் கடையில் போய் நின்று அழுதான். திரையில் வரிசை இல்லை, பின்னாலிருந்து “சீக்கிரம்பா” என்று தள்ளுகிற ஆள் இல்லை, நீட்டிய கையோடு முறைக்கிற கடைக்காரர் இல்லை. திரையில் கற்றது தானாக நடந்து கடைவரை வராது. அதனால் வாரத்தில் மூன்று நாள் திரை என்றால் இரண்டு நாள் கடை. உண்மையான காசு, உண்மையான பசி. முதல் மாசம் கூட்டம் இல்லாத மத்தியான நேரம், பிறகு சாயங்காலம். கடைக்காரரிடம் போய்ப் பேசினோம். “மீதியைத் தட்டில் வீசாதீங்க, கையில் ஒவ்வொண்ணாப் போடுங்க, என்கிட்ட பேசாதீங்க, அவன்கிட்ட பேசுங்க.” எல்லாரும் கேட்டார்கள் என்று சொல்ல மாட்டேன்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லணும். பேர் வேண்டாம். வயசு இருபத்துமூணு. அறிவுசார் குறைபாடு. பாக்குமட்டைத் தட்டு செய்கிற ஒரு பட்டறையில் வேலை. நாளைக்கு முந்நூறு ரூபாய், சனிக்கிழமை மொத்தமாகக் கவரில் போட்டுக் கொடுப்பார்கள். அவளுக்கு நூறு வரை எண்ண வராது. நாங்கள் ஒரு பெரிய அட்டை செய்து கொடுத்தோம், லேப்டாப்பிலும் அதே அட்டை. ஆறு கட்டம். திங்கள், செவ்வாய் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு படம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு இருநூறு ரூபாய் நோட்டின் படம், ஒரு நூறு ரூபாய் நோட்டின் படம். படத்தின் மேல் அதே நோட்டை வைக்கணும், அவ்வளவுதான். கூலியை ஐந்நூறாகக் கொடுத்தால் கட்டத்தில் உட்காராது. அதனால் “இருநூறும் நூறுமாக் குடுங்க” என்று கேட்கப் பழக்கினோம். ஒரு சனிக்கிழமை கவரை வாங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. பட்டறை வாசலிலேயே அட்டையை விரித்து வைத்தாள். ஐந்து கட்டம் நிறைந்தது. ஆறாவது காலி. அட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் மேஸ்திரியிடம் காலிக் கட்டத்தைக் காட்டி, “சனிக்கிழம எங்க?” என்று கேட்டிருக்கிறாள். “எண்ணும்போது விட்டுப்போச்சு” என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் எத்தனை சனிக்கிழமை விட்டுப்போச்சோ!

ஆறு முந்நூறு எவ்வளவு என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தனக்கு வர வேண்டியது வந்துவிட்டதா என்று தெரியும், வரவில்லை என்றால் கேட்கத் தெரியும். காசுப் பாடம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இப்போது இன்னொரு சிக்கல் வந்திருக்கிறது. 2016-ல் யு.பி.ஐ. வந்தது. இன்றைக்கு இளநீர் வண்டியிலும் கட்டம் போட்ட அட்டை தொங்குகிறது. நம்ம பிள்ளைக்குக் காசு என்றால் கையில் இருப்பது, கொடுத்தால் குறைவது, பை காலியானால் தீர்ந்தது. போனில் காசு குறைவது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இதில் நல்லதும் உண்டு. சில்லறை உருவ முடியாத விரலுக்கு இது விடுதலை. கடையில் இருக்கும் ஒலிபெருக்கிப் பெட்டி எவ்வளவு வந்தது என்று உரக்கச் சொல்வதால் பார்வையற்ற கடைக்காரரை யாரும் “அனுப்பிட்டேன்” என்று ஏய்க்க முடியாது. ஆகவே பயப்படாமல் சொல்லித்தருவோம். முதல் பாடம் இது: ரகசிய எண் போட்டால் காசு நம்மைவிட்டுப் போகும். காசு வாங்க ரகசிய எண் தேவையே இல்லை. “எண் போடு, பணம் வரும்” என்று யார் சொன்னாலும் திருடன். பொய்த் திரை ஒன்று செய்து வைத்து, விதவிதமாகக் கேட்டு, நூறு தடவை பழக்க மென்பொருள்தான் சரியான இடம். அங்கே ஏமாந்தால் காசு போகாது. கணக்கில் எப்போதும் சின்னத் தொகையே இருக்கட்டும்.

கணக்கு என்றதும் வங்கி ஞாபகம் வருகிறது. பத்தொன்பது வயசுப் பையனுக்குக் கணக்கு திறக்க ஒரு வங்கிக் கிளைக்குப் போனோம். “கார்டியன் சர்ட்டிபிகேட் கொண்டாங்க, இவருக்கு எப்படி நாங்க குடுக்கிறது” என்றார்கள். மூன்று நடை. நாலாவது நடையில் சட்டத்தைக் கையில் எடுத்துப் போனோம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 13. மற்ற எல்லாரையும்போல மாற்றுத்திறனாளிக்கும் சொத்து வைத்திருக்கவும், தன் பண விவகாரங்களைத் தானே நடத்தவும், வங்கிக் கடன் பெறவும் உரிமை உண்டு. பாதுகாவலர் வேண்டியிருந்தாலும், பிரிவு 14-ன்படி குறிப்பிட்ட விசயத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அந்த ஆளோடு கலந்துதான் முடிவு எடுக்க வேண்டும். பாதுகாவலர் என்றால் முதலாளி இல்லை. பார்வையற்றவர்களுக்குக் காசோலை, ஏடிஎம், கடன் எதையும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. இதையெல்லாம் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் பாஸ் புத்தகம் வந்தது.

“ஏமாந்துடுவான் சார்” என்று அம்மாக்கள் அழுகிறீர்கள். ஏமாறுவான்தான். நாம் யாரும் ஏமாறாமல் காசு கற்றவர்கள் இல்லை. மற்ற பிள்ளைகள் ஆறு வயசில் ஐந்து ரூபாய் தொலைத்துக் கற்கிறார்கள். நம்ம பிள்ளைக்கு அந்த ஐந்து ரூபாயை நாம் கொடுக்கவே இல்லை. முப்பது வயசில், நாம் செத்த பிறகு, மொத்தமாகத் தொலைக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போகிறோம். இன்றைக்கே வாரம் இருபது ரூபாய் கொடுங்கள். எதற்குச் செலவு செய்தான் என்று கணக்குக் கேட்காதீர்கள். மிட்டாயாக வாங்கித் தின்றால் தின்னட்டும், அவன் காசு. கையில் காசே இல்லாத பிள்ளைக்குக் காசு சொல்லித்தரும் எந்த மென்பொருளும் வெறும் பொம்மைதான்.

ஆசிரியத் தோழர்களுக்கும் அரசுக்கும் நான் வைக்கிற கோரிக்கைகள் சில. காசுப் பாடத்தைக் கணக்குப் பாடத்தின் ஓரத்தில் ஒட்டாமல், வாழ்க்கைப் பாடமாக முழு நேரம் ஒதுக்குங்கள். பொதுப்பணத்தில் செய்யும் மென்பொருள் எதுவானாலும் இணையம் இல்லாமல், பழைய போனில், தமிழில் ஓட வேண்டும். உள்ளே இருக்கும் படத்தையும் குரலையும் அந்தந்த ஊரே மாற்றிக்கொள்ளத் திறந்து வைத்திருக்க வேண்டும். நோட்டையோ நாணயத்தையோ மாற்றுவதற்கு முன்னால், தடவிப் பார்த்து வாழ்கிறவர்களின் கையில் கொடுத்துக் கேட்க வேண்டும், அச்சடித்து முடித்த பிறகு அல்ல. கடையில் பழக்குவதற்கான சில்லறைக் காசைச் சிறப்பாசிரியர் தன் பையிலிருந்து போடும் நிலை மாற வேண்டும்.

பேச்சு போதும். அந்தச் சன்னல் ஓரத்து மேசையில் லேப்டாப் வைத்திருக்கிறோம். பக்கத்தில் டப்பா நிறைய உண்மையான சில்லறை, பதினான்கு விதத்தில் கிடைத்த வரைக்கும் பத்து ரூபாய் நாணயம், கட்டம் போட்ட அட்டை எல்லாம் இருக்கு. வெளியே டீக்காரர் நிற்கிறார், அவரிடம் சொல்லி வைத்திருக்கிறோம், டீ பன்னிரண்டு ரூபாய். பிள்ளைகளைக் கூட்டி வாங்க. காசை அவங்க கையிலேயே குடுங்க. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க.